ஈயப் பானையும் முப்பத்திரண்டு பலூன்களும்

வியாழக்கிழமை காலை பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு, திண்டுக்கல்லில் என் மைத்துனருடைய பூட்டுப் பட்டறையில், உருகிய ஈயம் நிறைந்த ஒரு பானைக்குள் நான் ஒரு கூடை கரித்தூளைக் கொட்டினேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்கலாம். கூடையைப் பிடித்த கையில்தான் கைக்கடிகாரம் இருந்தது. அதில் கரி படுகிறதா என்று பார்த்தேன். கடிகாரத்தில் கரி படவில்லை. அந்த நிம்மதி பத்து நிமிடம் நீடித்தது.

நான் திண்டுக்கல்லுக்கு வந்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மலேயாவில் தைப்பிங் என்ற ஊரில் பூகோள ஆசிரியர் நான். என் ஒரே மகள் ஸ்டெல்லாவைத் திரும்பக் கூட்டிப் போக வந்திருந்தேன். இங்கிலாந்தில் உலோகவியல் படித்து முடித்தவள், கப்பலில் ஊர் திரும்பும் வழியில் தாய்மாமனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினாள். ஒரு வாரம் என்றாள். ஐந்து மாதம் ஓடிவிட்டது. கடிதங்களில் மாமன் வீட்டைப் பற்றி ஒரு வரியும், உருகிய ஈயத்தைப் பற்றி நான்கு பக்கமும் எழுதினாள். அவள் அம்மா அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு, "பிள்ளை நெருப்புக்குப் பக்கத்துல நிக்குது, நீங்க உலகப்படத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள். நான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கோட்டை இருக்கும் அந்த மொட்டைப் பாறை. எங்கள் தைப்பிங்கில் தினமும் பிற்பகல் மழை பெய்யும். மலைமேல் எப்போதும் மேகம் உட்கார்ந்திருக்கும். இங்கே பாறைமேல் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. குதிரை வண்டிக்காரர் என் பெட்டியில் ஒட்டியிருந்த கப்பல் சீட்டுகளைப் பார்த்து, "சிங்கப்பூர்க்காரருக்கு எங்க போகணும்?" என்றார். சிங்கப்பூர் இல்லை, தைப்பிங் என்றேன். "சரிதான், சிங்கப்பூர்ல தைப்பிங்கு" என்று குதிரையைத் தட்டினார். அன்று தொடங்கி இன்றுவரை இந்த ஊரில் நான் சிங்கப்பூர்க்காரன்தான்.

மைத்துனர் சவரிமுத்துவின் வீடு நாகல் நகரில். என் மனைவிக்கு அண்ணன். ஆள் பெருத்தவர், குரல் அதைவிடப் பெருத்தது. "வாங்க மாப்ளே! முதல்ல கையக் கழுவுங்க, கறி ஆறிரும்" என்றார். சீரகச் சம்பாவில் செய்த பிரியாணி. அரிசி கடுகைவிடச் சற்றுப் பெரிது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஆட்டின் மணம் இருந்தது. எங்கள் ஊரில் எதிலும் தேங்காய்ப்பால் சேர்ப்பார்கள். இங்கே மிளகைச் சேர்த்துவிட்டுக் கண்ணீரை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். நான் சாப்பிட்டது போதவில்லை என்று மூன்று பேர் வருத்தப்பட்டார்கள். மகள் மட்டும் வரவில்லை. பானையை விட்டு வர முடியாதாம்.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனேன்.

என் மகளை நான் ஒரு நிமிடம் அடையாளம் காணவில்லை. புடவை முந்தானையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டி, கண்ணுக்கு ஒரு கருப்புக் கண்ணாடி போட்டு, அண்டா அளவுள்ள ஒரு பானைமுன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு அம்மாள், கையில் சைக்கிள் பம்புடன் எல்லைக் காவலர் போல நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். முன்பு பட்டறையில் துருத்தி போட்டவர். இப்போது ஸ்டெல்லாவின் காற்று அதிகாரி.

"அப்பா, கிட்ட வராதீங்க" என்பதுதான் இரண்டு ஆண்டுக்குப் பிறகு என் மகள் என்னிடம் பேசிய முதல் சொல்.

பிறகு விளக்கினாள். பூட்டுகளுக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங்குகளை உருகிய ஈயத்தில் முக்கிப் பதம் ஏற்றுவார்கள். அந்த ஈயம் இருக்கும் பானையும் எஃகு. "காப்பியில சீனி போட்டா கரையுதில்லையா, அதுமாதிரி. ஈயம் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுத் தின்னுடும். மாமாவுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பானை ஓட்டை."

"அதுக்கு நீ என்ன செய்யுறே?"

"ஈயத்துக்குள்ள துளிக் காத்து விடுறேன். காத்துல இருக்கிற ஆக்சிஜன் எஃகு மேல மெல்லிசா ஒரு துருத்தோல் கட்டும். அந்தத் தோலைத் தாண்டி ஈயம் உள்ள போக முடியாது."

துருவைத் தடுக்கத்தான் மனிதர்கள் வண்ணம் பூசுகிறார்கள், எண்ணெய் போடுகிறார்கள். என் மகள் துருவை அழைத்து வந்து எஃகுக்குக் காவல் வைத்திருந்தாள். காற்று கூடிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஈயமே மஞ்சள் பொடியாகி மேலே கட்டிக்கொள்ளும். குறைந்தால்? "எஃகுக்குத் தோல் இல்லாமப் போயிடும். ஈயம் தின்ன ஆரம்பிச்சிடும்."

இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் அந்த வெள்ளைப் பீங்கான் குழாய். விரல் அளவு கனம், அடி மூடியது, சீமையிலிருந்து பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தது. ஈயத்துக்குள் நிற்கும் அந்தக் குழாய், ஈயத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதைத் துளி மின்சாரமாகச் சொல்லும். சொல்வதை ஒரு மீட்டர் முள் காட்டும். மீட்டரின் முகத்தில் ஸ்டெல்லா ஒரு பச்சைக் காகிதத்துண்டு ஒட்டியிருந்தாள். முள் பச்சைக்குள் இருந்தால் நல்லது. வலது பக்கம் தாண்டினால் ஆக்சிஜன் குறைவு: பேச்சியம்மாள் பம்பு அடிப்பார். காற்று ஒரு நீற்றாத சுண்ணாம்புப் புட்டி வழியாகப் போய், ஈரம் நீங்கி, களிமண் குழாய் வழியாக ஈயத்துக்குள் இறங்கும். இடது பக்கம் சாய்ந்தால் ஆக்சிஜன் அதிகம்: ஒரு சிட்டிகை கரித்தூள். "கரி ஆக்சிஜனைத் தின்னுடும்ப்பா" என்றாள். இதை அவள் எனக்குச் சொன்னாள். நான் தலையாட்டினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் குறித்துக்கொள்ளவில்லை.

"சொட்டுத் தண்ணி உள்ள விழுந்துச்சுன்னா ஈயம் எந்திரிச்சு மூஞ்சில அடிக்கும், ஐயா" என்றார் பேச்சியம்மாள், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

பானைக்குள் ஆறு எஃகுத் தகடுகள் இருந்தன. அவற்றை மேலிருந்து ஒரு கம்பி அழுத்திக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். அழுத்தாவிட்டால் மிதந்துவிடுமாம். ஈயம் அவ்வளவு கனம். எஃகு அதில் தக்கை போல மிதக்கும். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் நான். இரும்பு மிதக்கும் இடத்திலிருந்து என் மகளைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அதைச் சொன்னேன். அவள் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இன்னைக்கு முப்பத்தாறாம் நாள். நாப்பது முடிஞ்சதும் பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து ஒரு ஆபீசர் வந்து தகட்டை அறுத்துப் பாக்கப்போறார். அணு உலையில சூட்டை எடுக்க உருகின உலோகத்தைக் குழாயில ஓட்டலாமான்னு பாக்குறாங்க, அதனால அவங்களுக்கு இது வேணும். தகடு நல்லா இருந்தா எனக்கு அங்க வேலை. அரிச்சிருந்தா உங்களோட கப்பல் ஏறுறேன். கான்வென்ட்ல டீச்சரா இருக்கேன். சரியா?"

சரி என்றேன். நியாயமான பேச்சாகத் தெரிந்தது.

புதன்கிழமை காலை சவரிமுத்து என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். முழந்தாளிட்டேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. பிறகு வேண்டினேன். ஆண்டவரே, அந்தத் தகடுகளை ஈயம் தின்னட்டும். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்று பட்டறை முழுவதும் ஆயுத பூஜைக்காகக் கழுவினார்கள். முதலாளி கிறிஸ்தவர், தொழிலாளிகள் பெரும்பாலும் இந்துக்கள். பூஜைச் செலவு முதலாளியுடையது, பூஜை அவர்களுடையது, பொரிகடலை எல்லோருடையது. மேஸ்திரி கருப்பையா ஆசாரி, மெலிந்த மனிதர், பேசும்போது எதிரிலிருப்பவரின் தோளுக்கு மேலே பார்ப்பவர். ஸ்டெல்லா அவரிடம் நேரடியாகவே கேட்டாள்: "நாளைக்கு என் அடுப்பை அணைக்கக்கூடாது. ஈயம் உறைஞ்சா வெள்ளைக் குழாய் வெடிச்சுடும்."

அவர் அவள் தோளுக்கு மேலே அடுப்பைப் பார்த்தார். "அடுப்பு ஆயுதம் இல்ல பாப்பா. தீ அது பாட்டுக்கு எரியட்டும். நான் பொறுப்பு" என்றார். எல்லோருக்கும் திருப்தி. பம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது வியாழக்கிழமை.

பத்து மணிக்கு ஸ்டெல்லா தந்தி ஆபீசுக்குப் போனாள். பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு, ஆபீசர் எந்த வண்டியில் வருகிறார் என்று கேட்க வேண்டியிருந்தது. "முள் பச்சையத் தாண்டினா பம்பு அடிங்கக்கா" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதையாவது தொடுவேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். பூஜைக்குமுன், ஸ்பிரிங்குகளுக்குப் பதம் ஏற்றும் பெரிய பானையில் ஈயத்தின்மேல் படிந்த அழுக்கை அகப்பையால் வழித்து எடுப்பார்கள். ஈயம் கண்ணாடியாக மின்னும். வந்திருக்கும் விருந்தாளி அதில் முகம் பார்க்க வேண்டும். பார்த்தபின், அந்தப் பளபளப்பு மறுநாள்வரை மங்காமல் இருக்க, விருந்தாளி கையாலேயே கரித்தூள் போட்டு மூட வேண்டும். கரி மூடினால் ஈயம் மங்காது என்று அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். என் மகள் அதையே ஆக்சிஜன் என்று சொல்லியிருந்தாள். இரண்டும் ஒன்று என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த ஆண்டு பெரிய பானையை முதல் நாளே அணைத்துவிட்டார்கள். "அதான் பாப்பா பானை எரியுதே" என்றார் கருப்பையா. அகப்பையால் வழித்தார். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். உருகிய ஈயத்தில் என் முகம் மிக இளமையாகத் தெரிந்தது. கூடையைக் கையில் கொடுத்தார்கள். மீதியைச் சொல்லிவிட்டேன்.

கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாளின் குரல் கேட்டது. "ஐயோ, முள்ளு பச்சையத் தாண்டிப் போவுது!"

"பம்பு அடிங்கம்மா" என்றேன்.

"பம்பு எங்க இருக்குன்னு பாருங்க."

பம்பு சாமி படத்துக்குமுன் படுத்திருந்தது. சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. அதன் வலப்பக்கம் அகப்பை, இடப்பக்கம் சுத்தியல், காலடியில் துடைப்பம்.

"ஆயுதம் ஒறங்குது" என்றார் கருப்பையா. "நாளைக்குக் காலைல பூசை வச்சுத்தான் தொடணும்."

"இது சைக்கிள் பம்பு, ஆசாரி!"

"காத்தடிக்கிறதும் தொழில்தானுங்களே, ஐயா" என்றார் என் தோளுக்கு மேலே பார்த்து.

சவரிமுத்துவைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். "மாப்ளே, நம்ம பெரிய வெள்ளிக்கு ஒரு சுத்தியல் சத்தம் கேக்காது இங்க. அவுக நமக்கு அம்புட்டு மரியாதை குடுக்காக. இதுல நான் வாயத் தொறக்க முடியாது."

கரியை வழித்துவிடலாம் என்றால் அகப்பை உறங்கியது. கரண்டி, இடுக்கி, மண்வெட்டி எல்லாம் உறங்கின. நான் களிமண் குழாயின் ரப்பர் முனையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். ஊதிவிடலாம் என்று.

"எச்சி!" என்று கருப்பையா அலறினார். "ஈரம்!" என்று பேச்சியம்மாள் அலறினார். சாஸ்திரமும் விஞ்ஞானமும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பேச்சியம்மாள் ரப்பரைப் பிடுங்கித் தன் முந்தானையால் மும்முறை துடைத்தார்.

என் மகளின் முப்பத்தெட்டு நாள் உழைப்பு அந்த முள்ளில் வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று நான் கேட்டது இதுதான். கேட்டது நடக்கத் தொடங்கியிருந்தது. செருப்பைப் போட்டேனா என்று நினைவில்லை. பம்பு தேடி ஓடினேன்.

முதல் சைக்கிள் கடையில் பம்பு வாசலிலேயே நின்றது. மாலை போட்டு, பக்கத்தில் வாழைக்கன்று கட்டியிருந்தது. "இன்னைக்கு எடுக்க மாட்டோம், சார். பொரி எடுத்துக்கங்க." இரண்டாம் கடையிலும் அதே பதில், அதே பொரி. மூன்றாம் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பாய். அவர் வீட்டு வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சிரைக்கச் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல, சார். ஆனா கடை ஆளுங்க பூசை போட்டு, பூட்டிட்டு, சாவியோட ஊருக்குப் போயிட்டாங்க."

"பூட்டை உடைச்சிடலாமா? நான் வேற வாங்கித் தரேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். "அது உங்க மச்சான் பட்டறைப் பூட்டு, சார். இந்த ஊர்ல யாராலயும் உடைக்க முடியாது."

சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் பொரிகடலை. ஒரு குதிரை வண்டியைப் பிடித்தேன். குதிரையின் நெற்றியிலும் குங்குமம். "இவனுக்குமா பூசை?" என்று கேட்டேன். "இவனுக்குப் பொங்கலுக்குத்தான். சும்மா அழகுக்கு வச்சேன். வண்டிக்குச் சாயந்தரம் பூசை. அதுவரைக்கும் ஓடும், ஏறுங்க" என்றார் வண்டிக்காரர். இன்று வேலை செய்யும் பம்பு ஏதாவது இந்த ஊரில் உண்டா என்று அவரிடம் கேட்டேன். அவர் சவுக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"கோயில் வாசல்ல பலூன்காரன் இருக்கான். திருவிழா அன்னைக்குத்தான் அவனுக்குப் பொழப்பு. அவன் பம்பு ஒறங்காது."

உண்மைதான். பலூன்காரர் ஒரு தகரப் பம்பை வைத்துக்கொண்டு, குழந்தைகள் கூட்டத்தின் நடுவில் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். பம்பை இரவலாகக் கேட்டேன்.

"பம்பக் குடுத்துட்டு நான் மூக்காலயா ஊதுறது? காத்துதானே வேணும்? எம்புட்டு வேணுமோ வாங்கிட்டுப் போங்க."

எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. எச்சில் படாத, பம்பால் அடைத்த காற்று. முப்பத்திரண்டு பலூன் இருந்தது. எல்லாவற்றையும் வாங்கினேன். குழந்தைகள் அழுதன. ஒரு தாய் என்னைப் பார்த்து, "இம்புட்டு வயசுல என்னத்துக்கு இது?" என்றார். ஆராய்ச்சிக்கு என்றேன்.

வண்டி புறப்பட்டதும் ஒரு பலூன் சக்கரத்தில் பட்டு வெடித்தது. குதிரைக்கு அந்தச் சத்தம் புதிது. அதன்பிறகு ரயில்வே கேட் வரை நாங்கள் போகவில்லை, கொண்டுபோகப்பட்டோம். வழியில் கருவேலங்கிளை ஒன்று ஆறு பலூன்களைப் பறித்தது. கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி, புகையிலை மூட்டைகளும் தோல் கட்டுகளுமாக, எந்த அவசரமும் இல்லாமல் போனது. வெயிலில் பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"யாருலே அது?"

"சிங்கப்பூர்க்காரரு. அங்கெல்லாம் ஆயுத பூசைக்கு வேட்டுக்குப் பதிலா இதத்தான் போடுவாகளாம்."

பட்டறை வாசலில் இறங்கியபோது பதினொரு பலூன் மிச்சம்.

எல்லோரும் கருப்பையாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு சிவப்புப் பலூனை வாங்கி, சுற்றிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "இது வெளையாட்டுச் சாமான். வெளையாட்டுக்குத் தடையில்ல."

பலூன் காற்று ஆழத்துக்கு இறங்காது என்று, களிமண் குழாயை மேலே தூக்கி, ஈயத்துக்குள் அரை விரல் மட்டும் இருக்குமாறு பிடித்தார் பேச்சியம்மாள். சுண்ணாம்புப் புட்டியின் ரப்பரில் பலூனின் வாயைக் கட்டினோம். சவரிமுத்து பலூனைத் தம் பெரிய மார்போடு சேர்த்து அணைத்து அழுத்தினார். கரிக்கடியில் ஒரு குமிழி எழுந்தது. முள் ஓடுவதை நிறுத்தியது. ஐந்தாம் பலூனில் ஒரு நூலளவு பின்வாங்கியது. நாங்கள் ஆரவாரம் செய்தோம்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் ஸ்டெல்லா உள்ளே வந்தாள். மணி இரண்டு. மாமன் ஒரு மஞ்சள் பலூனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள்.

"கரி யார் போட்டது?"

எல்லோரும் பொரி தின்றார்கள். கருப்பையா மட்டும் பெருமையாகச் சொன்னார்: "ஒங்கப்பாதான் பாப்பா. சிறப்பு விருந்தாளி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய், அடுக்கிவைத்த புதுத் தகரத்தில் ஒரு துண்டை எடுத்தாள். "ஆசாரி, இது ஆயுதமா?"

அவர் யோசித்த நேரம் எனக்கு ஒரு ஆண்டாக இருந்தது. "சரக்கு" என்றார் கடைசியில். "சரக்குக்குப் பூசை இல்ல."

அவள் தகரத்தைக் கையாலேயே சற்று வளைத்து, ஒரு குச்சியில் செருகி, கரி முழுவதையும் வழித்து எறிந்தாள். மூன்று மணி நேரமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது. மீதிப் பலூன்களையும் அழுத்தினோம். நான்கு மணிக்கு முள் பச்சைக்குள் வந்தது. அதுவரை அவள் என்னிடம் பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பம்பு கண்விழித்தது. சவரிமுத்து வீட்டில் இட்லியும் மீன்குழம்பும். "வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க மாப்ளே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மௌனத்தை நிரப்ப அவரிடம் குழம்பு மட்டும்தான் இருந்தது. பிறகு மெல்ல ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "தாயி, செத்த நேரந்தானே அந்த முள்ளு ஓடுச்சு. நோட்டுல அத எழுதாம விட்டுரேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எழுதியாச்சு, மாமா" என்றாள்.

அவர் எழுந்து போனபின் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, கரி ஆக்சிஜனைத் தின்னும்னு செவ்வாய்க்கிழமை சொன்னேனே. தெரிஞ்சு போட்டீங்களா?"

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. கூடையைக் கையில் கொடுத்தார்கள், கை தட்டினார்கள், போட்டேன். ஆனால் இல்லை என்று சொன்ன பிறகு, புதன்கிழமை கோயிலில் வேண்டியதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்களை உண்மை பேசச் சொன்ன பழக்கமாக இருக்கலாம்.

அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

"ஜெபத்தை நோட்டுல எழுத முடியாதுப்பா" என்றாள். "கரியை மட்டும்தான் எழுதியிருக்கேன்." எழுந்து பானைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நாற்பது நாள் முடிந்தது. தகடுகளை வெளியே எடுத்து மரப்பெட்டியில் வைத்தாள். எங்கள் யாருக்கும் திறந்துபார்க்க அனுமதி இல்லை. ஞாயிறு காலை ரயிலில் வரவேண்டிய ஆபீசர் வரவில்லை. மாலை ரயிலிலும் வரவில்லை. நான் இரண்டு முறையும் நிலையத்துக்குப் போய் நின்றேன். இந்த முறை அந்தத் தகடுகள் பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டினேன். ஆண்டவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு, செம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு கத்திரிக்காய் லாரி பட்டறை வாசலில் நின்றது. மூட்டைகளின்மேலிருந்து கோட்டுப் போட்ட, கண்ணாடி அணிந்த ஒருவர் இறங்கினார். தூக்கத்தில் வேறு ஏதோ நிலையத்தில் இறங்கிவிட்டாராம். நெஞ்சோடு அணைத்திருந்த பெட்டியில் ஒரு பித்தளை நுண்ணோக்கி. தமிழ் தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையசைத்து மறுத்தார். முதலில் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார்.

ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வியாழக்கிழமைப் பக்கத்தில் நின்றார். திரும்பப் படித்தார். ஸ்டெல்லாவை நிமிர்ந்து பார்த்தார். தகடுகளை ஒவ்வொன்றாக அறுத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்து, ஒரு மருந்தைத் தடவி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். இரண்டு மணி நேரம். பேச்சியம்மாள் பம்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். சவரிமுத்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கருப்பையா எல்லோருடைய தோளுக்கும் மேலே பார்த்தார். என் மகள் முக்காலியில், கைகளை மடியில் கோத்து, பரீட்சை எழுதும் சிறுமி போல உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அவளை அப்படிப் பார்த்தது தைப்பிங்கில், என் வகுப்பிலேயே.

ஆபீசர் நிமிர்ந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார், தமிழில் இப்படி வரும்.

"ஆறு தகட்டிலும் எஃகு பத்திரமாக இருக்கிறது. மேல்தோலில் ஓர் இடத்தில் கிழிசல் தெரிகிறது. அது வியாழக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும். கிழிந்த இடத்தில் புதுத்தோல் வளர்ந்து மூடியிருக்கிறது. அது தானாக ஆறுமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் இரண்டு ஆண்டுகளாக ஆசைப்படுகிறோம். வேண்டுமென்றே கரியைக் கொட்டிப் பார்க்க எங்கள் கூடத்தில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பம்பாய்க்கு வந்து வேலையில் சேரலாம், அம்மா. ஆனால் அதற்குமுன் இதை இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும்."

ஸ்டெல்லா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் பார்ப்பதற்குள், ஆபீசர் நோட்டில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதில் 'அப்பா' என்று எழுதியிருக்கிறதே, அது யார்?"

நான் கையைத் தூக்கினேன்.

அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் கப்பலைத் தள்ளிப் போடுங்கள். இன்னும் நாற்பது நாள் நீங்கள் இங்கே இருந்தாக வேண்டும். கரி போடுகிற கை மாறக்கூடாது."